மதுரையில் எங்கே நடப்பது, எங்கே ஓடுவது, எங்கே சைக்கிள் மிதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாற்றலாகி மதுரைக்கு வருகிறவர்கள், டாக்டர் "தினமும் நடங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டாரே என்று தேடுகிறவர்கள், புது சைக்கிள் வாங்கிவிட்டு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கண்ணுக்கு ஏதாவது வேலை இருந்தால்தான் எனக்குக் கை வீசி நடக்க மனம் வரும். ட்ரெட்மில், ஜிம் பற்றியெல்லாம் இங்கே எதுவும் கிடைக்காது.

மதுரையில் நடக்க இடமே இல்லை என்கிறார்களே?

நடைபாதையை வைத்துச் சொன்னால் சரிதான். கடைப் பலகை, நிறுத்திய பைக், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் போக மிச்சமிருக்கும் ஒரு அடி இடத்தில் யாரும் ஆரோக்கியத்துக்காக நடக்க முடியாது. ஆனால் ஊரைச் சுற்றிப் பாருங்கள். வடகிழக்கே யானைமலை, மேற்கே நாகமலை, தென்மேற்கே பசுமலையும் திருப்பரங்குன்றமும், வடக்கே அழகர்மலை, நடுவில் வைகை, இடையிடையே கண்மாய்கள். எந்தத் தெருவில் குடியிருந்தாலும் ஏதோ ஒரு கரையோ பாறையோ பக்கத்தில் இருக்கும். அங்கே போய்ச் சேரும் வரைக்கும்தான் கஷ்டம்.

இப்போதுதான் தொடங்குகிறேன். முதலில் எங்கே போகட்டும்?

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். வேறு யோசனையே வேண்டாம். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டியது, ஏறக்குறைய சதுரம், ஒவ்வொரு பக்கமும் 300 மீட்டருக்கு முன்பின்னாக இருக்கும். ஆகவே வெளியே ஒரு சுற்றுச் சுற்றினால் 1.2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. நான்கு சுற்று வந்தால் ஐந்து கிலோமீட்டர், போன் வைத்து அளக்கவே தேவையில்லை. தரை சமம், மேடு பள்ளம் கிடையாது, முடியவில்லை என்றால் எங்கே வேண்டுமானாலும் கரைச் சுவரில் உட்காரலாம். சுற்றுப் பாதை என்பதால் எந்த இடத்தில் சோர்ந்தாலும் வண்டி நிறுத்திய இடம் அரைச் சுற்றுக்குள்தான் இருக்கும்.

நாயக்கர் மகால் கட்டச் செங்கலுக்கு மண் எடுத்த பள்ளம்தான் பிறகு குளமானது என்றும், அப்படித் தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் என்றும் ஊரில் சொல்வார்கள். பல வருடங்கள் இந்தக் குளம் காய்ந்து கிடந்து, பையன்கள் உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். இப்போது பனையூர் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வருவதால் மைய மண்டபத்தின் நிழல் தண்ணீரில் விழுவதைப் பார்த்துக்கொண்டே நடக்க முடிகிறது, காற்றும் கொஞ்சம் குளிர்ச்சிதான். ஒரு எச்சரிக்கை: காலையில் போங்கள். சாயங்காலம் ஆகிவிட்டால் சாப்பாட்டுக் கடை, பலூன், பஜ்ஜி, குடும்பம் குடும்பமாகக் கூட்டம். அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதை நடைப்பயிற்சி என்று சொல்ல முடியாது. தைப்பூசத் தெப்பத் திருவிழா சமயத்தில் அந்தப் பக்கம் பயிற்சிக்கென்று போகவே போகாதீர்கள், சாமி பார்க்கப் போங்கள்.

ஊருக்கு நடுவில் இருக்கிறோம். அவ்வளவு தூரம் போக முடியாது.

அப்படியானால் சித்திரை வீதிகள் இருக்கின்றனவே. மீனாட்சியம்மன் கோயில் மதிலை ஒட்டி நான்கு வீதிகளிலும் வண்டி போகக் கூடாது, தரையெல்லாம் கல் பாவியது. ஒரு சுற்று சுமார் ஒரு கிலோமீட்டர். விடியற்காலையில் கோபுரத்துக்குக் கோபுரம் கணக்கு வைத்து நடக்கிறவர்கள் அங்கே நிறைய. பல பேருக்கு நடையும் தரிசனமும் ஒரே வேலையாக முடிந்துவிடும். எட்டரை ஒன்பது மணிக்கு மேல் வெளியூர்ப் பக்தர்கள் கூட்டம் வந்துவிடும். ஓட்டத்துக்கு இந்த இடம் சரிப்படாது, கல் தரை முட்டியைப் பதம் பார்க்கும்.

ஓடுவதற்கு எது நல்ல இடம்?

ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம். தடகள ஓடுதளம் இருக்கிறது, நல்ல வெளிச்சம், ஒழுங்காகப் பயிற்சி எடுக்கிற பிள்ளைகள் பக்கத்தில் ஓடுவதால் நமக்கும் கொஞ்சம் ரோஷம் வரும். ஆனால் நான் அங்கே அதிகம் போவதில்லை, 400 மீட்டரையே திரும்பத் திரும்பச் சுற்றுவது எனக்கு அலுப்பு. நீண்ட ஓட்டத்துக்கு அழகர்கோவில் ரோட்டில் ஊர் எல்லையைத் தாண்டிய பகுதி நன்றாக இருக்கும், ஞாயிறு அதிகாலையாக இருந்தால். ரிங் ரோடு வேண்டாம். லாரிகள், புழுதி, ஓரத்தில் மண் சரிவு. வேகம் பார்க்கத் தோன்றும் சாலைதான், அதுதான் ஆபத்தே.

கண்மாய்க் கரை என்றீர்களே, எந்தக் கண்மாய்?

வண்டியூர்க் கண்மாயும் மாடக்குளமும். வண்டியூர்க் கண்மாய் கே.கே.நகர், அண்ணாநகர், மேலமடைப் பக்கத்துக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரம். கரையில் நடைபாதை உண்டு, அந்தி நேரம் அழகு. பெயர்க் குழப்பம் ஒன்று இங்கே எல்லாருக்கும் வரும்: தெப்பக்குளத்தையும் வண்டியூர் என்பார்கள், கண்மாயையும் வண்டியூர் என்பார்கள், இரண்டும் வேறு வேறு இடங்கள். ஆட்டோக்காரரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

மாடக்குளம் எனக்கு இன்னும் பிடிக்கும். பாண்டியர் கல்வெட்டுகளில் "மாடக்குளக்கீழ் மதுரை" என்றே வரும், அதாவது இந்தக் கண்மாயைச் சொல்லித்தான் மதுரையை அடையாளம் காட்டியிருக்கிறார்கள். பழங்காநத்தம் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். மழைக்குப் பிறகு, கார்த்திகை மார்கழியில், தண்ணீர் கரை தொட்டு நிற்கும்போது போனால் கொக்கு, நாரை, நீர்க்காகம் என்று பறவைகள் இருக்கும், கரையில் அய்யனார் இருப்பார், அந்தப் பக்கம் நாகமலை நீளமாகப் படுத்திருக்கும். வெயில் காலத்தில் அதே இடம் வெறும் கருவேலங்காடு. கரை மண் பாதை, ஈரத்தில் வழுக்கும், அதனால் சாதாரணச் செருப்போடு போகாதீர்கள்.

வைகைக் கரையோரம் புது ரோடு போட்டிருக்கிறார்களே, அங்கே?

ரோடு இருக்கிறது, மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டிய இடங்களும் இருக்கின்றன. ஆற்றில் தண்ணீர் விடும் நாட்களில் மட்டும் போங்கள். 1889இல் திறந்த ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் மேலே நின்று பார்க்கக் காலையில் நன்றாக இருக்கும்.

திருப்பரங்குன்றம் கிரிவலம் பயிற்சியாகுமா?

தாராளமாக. மலையைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்கு மேல் வரும், பாதை சமதளம். தென்பக்கம் போகும்போது தென்பரங்குன்றத்துக் குடைவரை, அதாவது பாறையைக் குடைந்து செய்த கோயில், உமையாண்டார் கோயில் என்பார்கள், அங்கே பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள். முன்பக்கம் முருகனைப் பார்க்க வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த அமைதியான பகுதியில் மயில்களும் அடிக்கடி கண்ணில் படும். பௌர்ணமியன்று கூட்டத்தோடு நடப்பது வேறு அனுபவம், வேகமாக நடக்க முடியாது, ஆனால் தனியாக நடக்கச் சலிக்கிறவர்களுக்கு அதுதான் சரி.

சர்க்கரை நோய் இருக்கிறவர்கள் வெறுங்காலோடு சுற்றாதீர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கல் குத்தியது, தார் சுட்டது எதுவும் தெரியாது, வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்புளம் இருக்கும், அது ஆறுவதற்குள் படாதபாடு. வேண்டுதல் என்றாலும் சாக்ஸாவது போட்டுக்கொள்ளுங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஏறி இறங்க வேண்டும், மலை மாதிரி ஏதாவது?

கீழக்குயில்குடி சமணர் மலை. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம், ஊரிலிருந்து 10, 12 கிலோமீட்டர். மதுரையில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். அடிவாரத்தில் தாமரைக் குளம், பெரிய ஆலமரம், அய்யனார் கோயில், குதிரைச் சிலைகள். பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம்: ஒரு சுனை, அதற்கு மேலே பாறையில் வரிசையாக மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி சிற்பங்கள், கீழே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தில் யார் செய்வித்தார்கள் என்ற குறிப்பு. ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையவை. சாதாரணமாக நடக்கிற ஆளுக்கு அதுவரை ஏறுவது பெரிய கஷ்டமில்லை, அதற்கு மேல் உச்சிவரை போகும்போதுதான் மூச்சு வாங்கும். வழியில் பழைய கோயில் ஒன்றின் அடித்தளமும் உச்சியில் ஒரு விளக்குத் தூணும் இருக்கும். மேலே நின்றால் நாகமலை ஒரு பக்கம், வயலும் தென்னையும் ஒரு பக்கம்.

இறங்கிய பிறகு செட்டிப்புடவைத் தவறவிடாதீர்கள். மலையின் இன்னொரு பக்கம், கொஞ்சம் ஏறினால் போதும். குகைக்கு வெளியே பெரிய தீர்த்தங்கரர் உட்கார்ந்திருப்பார். உள்ளே குனிந்து பார்த்தால், சிங்கத்தின் மேல் ஏறிய இயக்கி என்கிற சமணப் பெண் தெய்வம் யானை மேல் வருகிறவனோடு சண்டை போடும் சிற்பம் இருக்கும். எல்லாம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. தொட்டுப் பார்ப்பது, பெயர் எழுதுவது, குளிப்பது, பாட்டில் உடைப்பது எதுவும் வேண்டாம். இதை எழுத வேண்டியிருப்பதே வருத்தம்தான்.

யானைமலைக்கும் போகலாம், ஒத்தக்கடையிலிருந்து நரசிங்கம் வரை நடந்தாலே போதும். எட்டாம் நூற்றாண்டு நரசிங்கப் பெருமாள் குடைவரை, பக்கத்தில் லாடன் கோயில் என்கிற சிறிய முருகன் குடைவரை, தலைக்கு மேலே மொத்தப் பாறையும். மலை மேல் ஏறுவதென்றால் வழி தெரிந்த உள்ளூர்க்காரர் துணை வேண்டும், வழுக்குப் பாறை. மழை பெய்த மறுநாள் எந்தப் பாறையிலும் ஏறாதீர்கள்.

அரிட்டாபட்டி அரிட்டாபட்டி என்கிறார்களே, அது நடக்கிற இடமா?

ஆமாம், அதோடு இன்று நடந்து பார்க்க முடிகிறது என்பதே ஒரு பெரிய விஷயம். மேலூர் பக்கம், மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். ஏழு குன்றுகள், அவற்றுக்கு நடுவே கண்மாய்களும் சுனைகளும், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சமணத் துறவிகளின் கல் படுக்கைகள், சிவனின் அவதாரமாகச் சொல்லப்படும் லகுலீசர் சிற்பம் இருக்கும் பாண்டியர் குடைவரைச் சிவன் கோயில். லகர் வல்லூறு, ராசாளிக் கழுகு போன்ற வேட்டைப் பறவைகள் பாறை இடுக்குகளில் வாழ்கின்றன. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது, அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து சுமார் 193 ஹெக்டேர்.

அப்புறம் 2024 நவம்பரில், இந்தப் பகுதியையும் உள்ளடக்கிய நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. கிராமம் கிராமமாக எதிர்த்தார்கள், 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானோர் நடந்தே வந்தார்கள், அதே மாதம் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அங்கே வயலோரமாக நடக்கும்போது ஊர்ப் பெரியவர் யாராவது நிறுத்தி "எங்கிருந்து வர்றீங்க?" என்று கேட்டால் எரிச்சல் படாதீர்கள். மண்ணைக் காப்பாற்றியவர்களுக்குக் கேட்க உரிமை உண்டு.

சத்தம் போடாமல் நடங்கள், ட்ரோன் விடாதீர்கள், கழுகுக் கூடு இருக்கிற பாறைப் பக்கம் ஏறாதீர்கள். கடை கண்ணி குறைவு, தண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள். குளிர்காலக் காலை நேரம்தான் உகந்தது.

சைக்கிளுக்கு ஒரு நல்ல வழி சொல்லுங்கள்.

சோழவந்தான் பாதை. கோச்சடையைத் தாண்டி, துவரிமான், மேலக்கால், திருவேடகம் வழியாகச் சோழவந்தான். 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல், போகவர நாற்பத்தைந்து பக்கம் வரும். பெரும்பாலும் சமதளம், வைகையை ஒட்டியே போகும், கோச்சடை நெரிசல் விட்டதும் வயல், தென்னை, வாழை, அப்புறம் வெற்றிலைக் கொடிக்கால். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருவேடகத்தில் நிறுத்தித் தண்ணீர் குடியுங்கள். சம்பந்தர் விட்ட ஏடு வைகையில் எதிர்நீச்சல் போட்டுப் போய்க் கரை சேர்ந்த தலம் என்பது ஐதீகம், எதிர்க்காற்றில் மிதித்து வருகிறவருக்கு அந்தக் கதை அன்று கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்.

நாற்பத்தைந்து அதிகம் என்றால் துவரிமான் வரை போய்த் திரும்புங்கள், அதுவே நல்ல சவாரி. ஏற்றம் வேண்டும் என்கிறவர்கள் அழகர்கோவில் போகிறார்கள், 21 கிலோமீட்டர். சைக்கிளை அடிவாரத்தில் விட்டுவிட்டு மேலே பழமுதிர்சோலைக்கும் நூபுர கங்கைக்கும் நடந்து ஏறினால் ஒரே காலையில் இரண்டு பயிற்சி. குரங்குகள் கையில் இருப்பதைப் பிடுங்கும், பிளாஸ்டிக் பையோடு போகாதீர்கள். கீழடி அருங்காட்சியகத்துக்கும் சைக்கிளில் போகிறவர்கள் உண்டு. நான்குவழிச் சாலையில் பஸ் உரசிக்கொண்டு போவது எனக்கு ஒத்துவரவில்லை, அந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கியர் சைக்கிள் கட்டாயமில்லை. பின்பக்கச் சிவப்பு விளக்கும் ஹெல்மெட்டும் கட்டாயம். நத்தம் சாலை மேம்பாலத்தில் மட்டும் ஏறாதீர்கள், ஏழு கிலோமீட்டருக்கு ஒதுங்க இடம் இருக்காது.

எந்த நேரம், எந்த மாதம்?

மே மாதம் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும், ஜனவரியில் ஆறரை ஆகும். வெயில் காலத்தில் ஏழரைக்குள் வீட்டில் இருங்கள். பாறை இடங்களுக்கு மார்ச் முதல் ஜூன் வரை சாயங்காலம் போவதும் சரியல்ல, பகலெல்லாம் குடித்த வெயிலைப் பாறை ராத்திரி வரை விட்டுக்கொண்டிருக்கும். நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை எல்லா இடமும் நன்றாக இருக்கும். சித்திரைத் திருவிழாவின்போது ஊரில் எந்தப் பாதையும் உங்கள் திட்டப்படி இருக்காது, அழகர் ஆற்றில் இறங்கித் திரும்பும் வரை பயிற்சிக்கு விடுமுறை விட்டுவிடுங்கள்.

தினம் பத்தாயிரம் அடி நடந்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி, அதாவது வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம். மிதமானது என்றால் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. தெப்பக்குளத்தில் இரண்டு சுற்றை நல்ல வேகத்தில் நடந்தால் அரை மணியில் முக்கால்வாசி கழிந்துவிடும், இன்னும் அரைச் சுற்றுப் போட்டால் அன்றைய கணக்கு முடிந்தது. பெரிய இலக்கு வேண்டும் என்கிறவர்களுக்குத் தமிழக அரசின் "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தில் 2023 நவம்பர் முதல் மாவட்டத்துக்கு ஒரு எட்டு கிலோமீட்டர் நடைப்பாதை அடையாளம் காட்டியிருக்கிறார்கள்.

முட்டி வலி இருப்பவர்கள் சமணர் மலையில் ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் பயப்பட வேண்டும், கைத்தடி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் சட்டைப்பையில் நாலு மிட்டாய் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல் வந்தால் அப்படியே உட்கார்ந்து உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள், சுற்றை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா? நாய்த் தொல்லை எப்படி?

தெப்பக்குளம், சித்திரை வீதி, ரேஸ்கோர்ஸ் மூன்றும் காலையில் ஆள் நடமாட்டம் உள்ள இடங்கள், தனியாக நடக்கிற பெண்கள் நிறைய பேரைப் பார்க்கலாம். கண்மாய்க் கரைகளுக்கும் மலைகளுக்கும் நான் ஆண்களையே தனியாகப் போகச் சொல்ல மாட்டேன். நாய் துரத்தினால் ஓடாமல் நில்லுங்கள், சைக்கிளில் இருந்தால் இறங்கி வண்டியை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போடுங்கள்.

நடந்து முடித்த பிறகு ஒரு பருத்திப்பால் குடிக்கலாமா?

குடியுங்கள். பருத்திக்கொட்டை, கருப்பட்டி, சுக்கு, தேங்காய் எல்லாம் சேர்ந்தது, வயிற்றுக்கு இதம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை மறக்க வேண்டாம். ஜிகர்தண்டா பற்றிக் கேட்காதீர்கள், அது நடந்த கணக்கை அப்படியே அழித்துவிடும்.

கூட வர ஆளே இல்லை, என்ன செய்ய?

"பசுமை நடை" என்று ஒரு குழு இருக்கிறது. 2010இல் யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்து, ஊர் மக்கள் எதிர்த்த சமயத்தில் உருவானது; மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கும் பழைய சின்னங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கூட்டமாக நடந்துபோய், வரலாறு தெரிந்தவர்கள் விளக்கக் கேட்டு, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுத் திரும்புவார்கள். குழந்தைகளையும் அழைத்துப் போகலாம். அதற்கும் நேரம் அமையாவிட்டால் தெப்பக்குளத்துக்கு ஒரு வாரம் ஒரே நேரத்தில் போய்ப் பாருங்கள். எதிர்ச்சுற்று வருகிறவர்கள் மூன்றாம் நாளே தலையசைப்பார்கள், அடுத்த வாரம் "ஏண்ணே நேத்து வரல?" என்று கேட்பார்கள்.